அத்தைக்கு வந்த நோயின் பெயர்

போன வாரம் அத்தைக்கு மூன்றாம் வருஷத் திதி. வந்திருந்த ஒருவர், "வயித்துல கட்டி வந்துல்ல போயிட்டாங்க, பாவம்" என்றார். அப்பாவும் தலையாட்டினார்.

கட்டி இல்லை. கருப்பைவாய்ப் புற்றுநோய். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் ஜாக்கெட் தைத்தது அத்தைதான். எனக்குப் பாவாடை தைத்தால் அடியில் நாலு விரல் மடிப்பு விடுவார், "வளர்ற புள்ள" என்று. வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார். அளவெடுக்கும்போது ஒவ்வொருத்தியும் அவரிடம் தன் உடம்பைப் பற்றிப் பேசுவாள். யாருக்கு நாள் தள்ளியிருக்கிறது, யாருக்குப் பால் கட்டிக்கொண்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போடி" என்று விரட்டுவதும் அவர்தான்.

அப்படிப்பட்டவர், தனக்கு மாதவிடாய் நின்று ஆறு வருஷம் கழித்து மறுபடி உதிரம் பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். எட்டு மாதம். இடுப்புவலியில் மிஷினை மிதிக்க முடியாமல் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வாரம் 5 நாள், 5 வாரம் 'கரண்ட்' வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு அங்கே வருகிறவர்கள் சொல்லும் பெயர் அது. இடம் தப்பாமல் இருக்க வயிற்றில் மையால் கோடு போட்டு, அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "துணியில நான் போடுற கோட்ட எம் மேலயே போட்டுட்டாங்கடி" என்றார் அத்தை. அன்றைக்கு மட்டும்தான் நான் அவர் முன்னால் அழுதேன்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அவர் தன் துக்கத்தை ஊரறியச் சொன்னார். நாங்களோ நோயின் பெயரைக்கூட மறைத்தோம்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். இந்தப் புற்றுநோய் திடீரென்று வருவதில்லை. பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றில் தொடங்கி, முற்றப் பத்துப் பதினைந்து ஆண்டுகள்கூட ஆகும். அத்தனை காலமும் கண்டுபிடித்துச் சரிசெய்ய வழி இருக்கிறது. 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை உண்டு. பெண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொள்ளத் தடுப்பூசியும் இருக்கிறது. அந்தப் பரிசோதனைக்கு என் அண்ணியை இரண்டு மாதம் கெஞ்சிக் கூட்டிப்போனேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இதுக்கா இவ்வளவு பயந்தேன்" என்றார்.

வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது? மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அது சூடு இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டியது. உறவுக்குப் பின் உதிரம் பட்டாலும் அப்படித்தான். வெள்ளைப்படுதல் துர்நாற்றத்தோடு நிற்காமல் போனாலும் அப்படித்தான். இதை அம்மாவிடம், அத்தையிடம், சித்தியிடம் நீங்களே கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

அன்று திதிச் சாப்பாட்டில் நான் அந்தப் பெயரைச் சத்தமாகவே சொன்னேன். பந்தியில் பேச்சு நின்றுவிட்டது. அப்பா முகம் சுருங்கியது. அப்புறம் கொல்லைப்பக்கம் கை கழுவப் போனபோது பெரியம்மா பின்னாலேயே வந்தார். "எனக்கும் ரெண்டு மாசமா அப்படித்தான்டி இருக்கு" என்றார், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே.

நாளைக் காலை பத்து மணிக்கு அவரைப் பெண் மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன்.