சென்னைக்கு ஒரு நாள் போய்வர, நாங்கள் முதலில் பார்ப்பது பாத்ரூம் கதவை

வெளியூரில் இருந்து குடும்பத்தோடு ஒரு நாள் சென்னை போய் வருகிறவர்கள் காலையில் மெரினா, மதியம் நல்ல ஓட்டல், சாயங்காலம் தி.நகர், ராத்திரி ரயில் என்று பிளான் போடுவார்கள். எங்கள் வீட்டில் அது தலைகீழ். வீல்சேர் நுழைகிற பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்வோம். மற்ற இடங்களை எல்லாம் அதைச் சுற்றித்தான் அடுக்குவோம்.

அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ வந்தது. இரண்டு காலிலும் பலம் கிடையாது. ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள், தன் வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு போவாள், அநாவசியமாக யாரும் பின்னால் இருந்து பிடித்தால் கோபம் வரும். அவள், அம்மா, நான், என் வீட்டுக்காரர், பசங்க இரண்டு பேர். வேலூரில் இருந்து கிளம்புகிற கூட்டம் இதுதான்.

பாத்ரூம் விஷயத்தை ஏன் முதலில் எடுக்கிறேன் என்றால், அது சரியில்லாமல் போனால் அன்றைய நாளே கெட்டுவிடும். சாதாரண வீல்சேரின் அகலம், கையால் தள்ளுகிற வளையத்தோடு சேர்த்து, இரண்டடிக்கு மேல் வரும். நம் ஓட்டல்களில் பாத்ரூம் கதவு பல இடங்களில் இரண்டடிதான். கதவைத் தாண்டினாலும் உள்ளே வண்டியைத் திருப்ப இடம் வேண்டும். அரசாங்க விதிமுறையே கதவுக்கு 900 மில்லிமீட்டர், உள்ளே வண்டி திரும்ப 1500 மில்லிமீட்டர் என்கிறது. நம் கணக்கில் மூன்றடி, ஐந்தடி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். இவ்வளவும் இருக்கிறதா என்று தெரியாத நாளில் அக்கா என்ன செய்வாள் தெரியுமா? முந்தின நாள் ராத்திரியே தண்ணீரைக் குறைத்துவிடுவாள். காலையில் காபி வேண்டாம் என்பாள். மே மாத வெயிலில் சென்னைத் தெருவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் பசங்களோடு சிரித்துக்கொண்டு வருவாள். திரும்பி வந்து இரண்டு நாளில் நீர்க்கடுப்பு, காய்ச்சல், மாத்திரை. வீல்சேரில் இருக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஊர் சுற்றிப் பார்க்கிற சந்தோஷத்துக்கு உடம்பை அடமானம் வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

ஒரு தடவை பெரிய வணிக வளாகம் ஒன்றை நம்பிப் போனோம். வாசலில் சாய்தளம், உள்ளே லிஃப்ட், பாத்ரூம் கதவில் வீல்சேர் படம் எல்லாம் இருந்தது. கதவு மட்டும் பூட்டியிருந்தது. சாவி சூப்பர்வைசரிடம், சூப்பர்வைசர் சாப்பாட்டில். அவர் வந்து திறந்தபோது உள்ளே ஃபினாயில் கேன்கள், மாப்புகள், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் சேர்கள். கமோடுக்கு மேலே அட்டைப்பெட்டி. துப்புரவு வேலை பார்க்கிற அம்மா பதறிப்போய் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எதுவும் இல்லை, பொருள் வைக்க அவருக்கு வேறு இடம் கொடுக்கவில்லை. கட்டும்போது வீல்சேர்க்காரர்கள் வருவார்கள் என்று காகிதத்தில் எழுதியவர்கள், அதற்கப்புறம் யாரும் வருவார்கள் என்று நினைக்கவே இல்லை. எனக்கு அதுதான் வலித்தது.

சென்னையில் இன்று வீல்சேர் போகிற இடங்கள் இருக்கின்றன. இதை நான் மனதாரச் சொல்கிறேன், பத்து வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு இல்லை. ஒரு இடத்தில் இருந்து அடுத்த இடத்துக்குப் போகிற வழிதான் நடுவில் அறுந்து அறுந்து கிடக்கிறது.

ரயிலில் இருந்தே பாருங்கள். காட்பாடியில் இருந்து சென்ட்ரல் சுமார் 130 கிலோமீட்டர். துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாத மாற்றுத்திறனாளிக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் 75 சதவீதம் கட்டணச் சலுகை, கூடப் போகிற ஒருவருக்கும் அதே சலுகை. ரயில்வே சலுகை அட்டையை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பலர் இதைத் தெரியாமலே முழு டிக்கெட் எடுக்கிறார்கள். பல எக்ஸ்பிரஸ்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று பெட்டி உண்டு, அகலக் கதவு, கம்பி வைத்த பெரிய பாத்ரூம் எல்லாம் இருக்கும். ஆனால் பிளாட்பாரத்துக்கும் பெட்டியின் தரைக்கும் நடுவில் கிட்டத்தட்ட அரை மீட்டர் உயரம். பெட்டியோ ரயிலின் ஒரு கோடியில். ரயில் நிற்கிற சில நிமிஷத்துக்குள் அங்கே ஓடி, படியில் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி, ஆளை ஒருத்தர் தூக்கி, வீல்சேரை ஒருத்தர் தூக்கி ஏற வேண்டும். உள்ளே இருக்கிற வசதி நிஜம்தான். உள்ளே போகிற வசதி இல்லை.

சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவுக்குள் போய்விட்டால் அக்காவின் முகமே மாறிவிடும். 2015 ஜூனில் கோயம்பேடு, ஆலந்தூர் நடுவே மெட்ரோ தொடங்கியபோது நான் அதை வேகமான ரயில் என்று மட்டும்தான் நினைத்தேன். அக்காவுக்கு அது யார் கையும் படாமல் தானே ஏறி, தானே இறங்குகிற முதல் ரயில். லிஃப்ட், அகலமான கேட், பிளாட்பாரமும் பெட்டியும் ஒரே மட்டம். முன்சக்கரம் இடுக்கில் மாட்டாமல் இருக்க, பின்பக்கமாகப் பெரிய சக்கரத்தை முதலில் ஏற்றினால் சுலபம். தென் மாவட்டத்தில் இருந்து வருகிறவர்களுக்கு எழும்பூரிலும் ரயில் நிலையத்தை ஒட்டியே மெட்ரோ இருக்கிறது.

மெட்ரோ லிஃப்ட் நம்மைத் தெருவில் கொண்டுவந்து விட்டதும் அடுத்த சிக்கல். பைக் ஏறாமல் இருக்க நடைபாதையில் நட்ட இரும்புக் குழாய்களுக்கு நடுவே வீல்சேரும் நுழையாது. நுழைந்தால் பத்தடியில் மின்சாரப் பெட்டி, அதைத் தாண்டினால் டீக்கடை பெஞ்ச், முடிவில் முக்கால் அடி உயர விளிம்பு. இறங்கினால் பஸ்களுக்கு நடுவில். சரி, கார் பிடிக்கலாம் என்று புக் செய்தால் அங்கே இன்னொரு பிரச்சினை. இப்போது பல வாடகைக் கார்களில் டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர். மடக்கிய வீல்சேர் உள்ளே போகாது. டிரைவர் நல்லவராக இருந்தால் முன் சீட்டில் வைத்துக் கயிறு கட்டுவார், இல்லையென்றால் ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். புக் செய்த உடனே போன் பண்ணி "அண்ணா, டிக்கியில சிலிண்டர் இருக்கா? வீல்சேர் வைக்கணும்" என்று கேட்டுவிடுங்கள்.

பஸ்ஸில் போகலாமே என்று கேட்பீர்கள். 2024 ஆகஸ்டில் மாநகரப் பேருந்துகளில் தாழ்தளப் பேருந்து மறுபடி வந்தது. தரை சுமார் 400 மில்லிமீட்டர் உயரம்தான், ஓரம் நிறுத்தினால் பஸ் ஒருக்களித்து இறங்கும், சாய்பலகையை விரித்தால் வண்டியோடு ஏறலாம். 2025 ஜூனில் வந்த மின்சார பஸ்களும் தாழ்தளம்தான். இதற்காக மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். அவர்களுக்கு நாம் எல்லோருமே கடன்பட்டவர்கள். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் இன்று அதில் நிம்மதியாக ஏறுகிறார்கள். ஆனால் பஸ் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் சாய்பலகை பயன்படும். நிறுத்தத்தில் ஆட்டோவும் பைக்கும் நின்றால் பஸ் நடுரோட்டில் நிற்கும், சாய்பலகை செங்குத்தாகத் தொங்கும்.

மெரினாவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணல்மேல் வீல்சேர் போக மரப்பாதை திறந்தார்கள். நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். அதற்கு முன்னால் டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் கோடியை உடைத்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அக்கா அதில் முதல் முறை போனபோது கடைசிக் கம்பி வரை யாரையும் தள்ள விடவில்லை. அங்கே போய் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். "அலை உடையற இடம் இவ்ளோ கிட்ட இருக்கும்னு நினைக்கலடி" என்றாள். அத்தனை வருஷமும் அவள் பார்த்த மெரினா, ரோட்டோரத்தில் இருந்து மணலுக்கு அப்பால் தெரிகிற நீலக் கோடு.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வீல்சேரின் இரும்பு வளையம் கையைச் சுட ஆரம்பிக்கும். சாயங்காலமும் விடுமுறை நாளும் பாதை முழுக்க செல்ஃபி எடுக்கிற கூட்டம். பாதை எல்லோருக்கும் பொதுதான், யாரையும் வராதே என்று சொல்லவில்லை. பின்னால் வீல்சேர் வந்தால் ஓரம் ஒதுங்கினால் போதும்.

மதிய வெயிலுக்கு என் சாய்ஸ் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010ல் திறந்தது, ஒன்பது தளம், லிஃப்ட், ஏசி, பசங்களுக்குத் தனிப் பகுதி, பிரெய்ல் புத்தகப் பகுதி. காசு எதுவும் கேட்காமல் ஒரு குடும்பம் நிழலில் உட்கார முடிகிற இடம் நகரத்தில் எத்தனை இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். படி இருக்கிறதே என்று எங்கே கேட்டாலும் "நாலு பேர் இருக்கோம், தூக்கிடலாம்மா" என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தூக்கப்படுகிறவள் நாற்பது வயதுப் பெண். முன்பின் தெரியாத ஆண்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது புடவை விலகும், கை எங்கே படும் என்று தெரியாது, ஒருத்தர் பிடி நழுவினால் எலும்பு முறியும். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள். தூக்குகிற ஆட்கள் இருப்பதாலேயே சாய்தளம் தேவையில்லை என்று இந்த நாட்டில் ரொம்ப காலம் ஓட்டிவிட்டோம். உதவி செய்ய நினைத்தால் முதலில் அவளிடம் கேளுங்கள், என்னிடம் இல்லை. "இவங்க என்ன சாப்பிடுவாங்க?" என்று சர்வர் என் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது அக்கா அமைதியாக மெனு கார்டை வாங்கிக்கொள்வாள். எனக்குத்தான் மனசு கொதிக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விதிகள் வந்த நாளில் இருந்து ஐந்து வருஷத்துக்குள் இருக்கிற பொதுக்கட்டடங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்றது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022ல் முடிந்துவிட்டது. 2024 நவம்பரில், பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வெறும் பரிந்துரையாக எழுதி வைத்த விதி செல்லாது, கட்டாயமான தரங்களைக் கொண்டு வாருங்கள் என்று மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது.

கட்டடம் மாற நாளாகும், புரிகிறது. தகவல் சொல்ல எவ்வளவு நாளாகும்? எந்த லிஃப்ட் இன்று ஓடவில்லை, எந்த வாசலில் படி இல்லை, பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம், சாவி யாரிடம். இதை ஒவ்வொரு பொது இடமும் தன் இணையதளத்தில் நாலு வரியில் போட்டால் போதும். ஒரு ஸ்டேஷனில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்பது கீழே போய் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. காலையிலேயே தெரிந்திருந்தால் வேறு ஸ்டேஷனில் இறங்கியிருப்போம். இப்போது இந்தத் தகவலை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் போன் போட்டு, "இருக்குன்னுதான் நினைக்கிறேன்" என்ற பதிலை நம்பி, அலைந்து தெரிந்துகொள்கிறது. கூகுள் மேப்பில் வீல்சேர் வசதி உண்டு என்று போட்டிருக்கும், அந்த வசதி வாசலோடு முடிகிறதா உள்ளேயும் உண்டா என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த லீவுக்கு கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம் போகலாம் என்கிறாள் அக்கா. பசங்களும் துள்ளுகிறார்கள். சமீபத்தில் வீல்சேரோடு அங்கே போய் வந்தவர்கள் யாராவது இருந்தால், கண்காட்சி அரங்கில் எத்தனை படி, வண்டியோடு உள்ளே உட்கார்ந்து பார்க்க இடம் விட்டிருக்கிறார்களா, பாத்ரூம் கதவு அகலம் என்ன என்று எழுதுங்கள். முடிந்தால் கதவை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.