ஐந்தாவது டொக்டரிடமும் அதே கதை

போன கிழமை சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். புது டொக்டர் வந்திருந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். கதிரையைத் தானே இழுத்துப் போட்டு, "இருங்கம்மா, என்ன செய்யுது?" என்று கேட்டார். சின்னம்மா தொடங்கினார். "தம்பி, எனக்கு இடுப்புக்குள்ள செல் துண்டு கிடக்கு. 2009 மாசியில பட்டது..." கடைசிப் போரில் பதுங்கியிருந்த பங்கர் எங்கே இருந்தது, எறிகணை எந்தப் பக்கத்தால் வந்து விழுந்தது, பக்கத்தில் இருந்த சித்தப்பாவுக்கு என்ன நடந்தது என்று எல்லாம் சொன்னார். டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே அறுபது பேர் வரிசையில் நின்றார்கள்.

ஆறு வருடத்தில் இவர் ஐந்தாவது டொக்டர். ஐந்து பேரிடமும் சின்னம்மா இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். சொல்லாமல் விடவும் முடியாது. உள்ளே இரும்பு கிடப்பது தெரியாமல் யாராவது எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதிவிட்டால் ஆபத்து. கிளினிக் கொப்பியில் எழுதியிருந்ததுதான். ஆனால் அந்தக் கொப்பி ஒரு மாரியில் நனைந்து போனது, அடுத்த கொப்பியில் மருந்துப் பெயர்கள் மட்டும்தான் ஏறின. வீட்டுக்கு வந்த பிறகு அன்று முழுவதும் சின்னம்மா சாப்பிடவில்லை. டொக்டர் மாறும் ஒவ்வொரு தடவையும் இதுதான் நடக்கிறது.

குடும்ப வைத்தியர் என்றால் யார் என்று என்னைக் கேட்டால், இந்தக் கதையைத் திரும்பச் சொல்லத் தேவையில்லாத டொக்டர் என்றுதான் சொல்வேன்.

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் படிப்பிக்கிறேன். மூன்று வருடமாக ஊர் ஆஸ்பத்திரியின் அபிவிருத்திக் குழுவில் இருக்கிறேன். அதனால் கண்ணால் கண்டதை எழுதுகிறேன்.

முல்லைத்தீவு, கிளிநொச்சி எல்லாம் சேர்ந்த எங்கள் வன்னிக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், அது பொய். 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வரும் அம்புலன்ஸ் 2018 ஆடியில் வடக்குக்கு வந்தது. எங்கள் ஊரில் எத்தனையோ பேர் அதனால் தப்பினார்கள். அதே வருடம் ஆரம்ப சுகாதார சேவையைப் பலப்படுத்த உலக வங்கி இலங்கைக்கு 20 கோடி டொலர் கடன் கொடுத்தது. நெதர்லாந்து உதவியில் கிளிநொச்சியில் பெண்கள் நல மையமும் மாங்குளத்தில் புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையமும் 2024 இல் திறந்தார்கள். கை, கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டு அடிபட்டவர்களும் இத்தனை பேர் வாழும் மண்ணில் மாங்குளம் நிலையம் எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சட்டென்று விளங்காது.

ஆனால் கட்டடம் நிற்கிறது, டொக்டர் நிற்கவில்லை. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர் என்று அரசாங்கத்தின் கொள்கையிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த இடத்துக்கு வருபவர் பெரும்பாலும் இன்டர்ன்ஷிப் முடித்து முதல் நியமனத்தில் வரும் பிள்ளை. வந்த நாளிலிருந்து இடமாற்றப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முன்பு இங்கே இருந்த ஒரு டொக்டர் என்னோடு நல்ல மாதிரி. அவருடைய மனைவியும் டொக்டர், வேலை வேறு மாகாணத்தில். ஆஸ்பத்திரி தந்த வீட்டில், குவாட்டஸில், இவர் தனிய. மழை பெய்தால் கூரை ஒழுகும், கிணற்றுத் தண்ணீர் சவர். லீவு போட்டால் பதிலுக்கு ஆள் இல்லை, வெளிநோயாளர் பிரிவையே மூடவேண்டும். அதனால் காய்ச்சலோடும் இருந்து நோயாளரைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு, வயலில் தண்ணீர் கட்டப் போன ஒருவரைக் கண்ணாடி விரியன் கடித்துக் கொண்டுவந்தார்கள். நாங்கள் பாவிக்கிற விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. உயிரைக் காப்பாற்றும், ஆனால் ஒவ்வாமை வந்து ஆள் சரியவும் கூடும். ஏற்றுவதா, அம்புலன்ஸில் அனுப்புவதா? அனுப்பினால் வழியில் என்ன ஆகும்? அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது, நித்திரையால் எழும்பி ஃபோனை எடுத்து "ஏற்றுங்கள், நான் லைனில் நிற்கிறேன்" என்று சொல்ல ஒரு பெரிய டொக்டர். தெரிந்தவர் ஒருவர் எடுத்தார், கடிபட்டவர் பிழைத்தார். தெரிந்தவராக இருந்தபடியால் எடுத்தார். அதை ஏன் ஒரு முறையான ஏற்பாடாக்க முடியாது? மாவட்டப் பொது வைத்தியசாலையில் இன்று இரவு யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு நம்பர், ஒரு டியூட்டிப் பட்டியல். இதற்குக் கோடிகள் வேண்டாம்.

அந்த டொக்டர் சிங்களவர். வரும்போது தமிழில் இரண்டு சொல் தெரியாது. ஆறு மாதத்தில் "எங்க நோகுது, எத்தனை நாளா?" என்று கேட்கப் பழகினார், ஒரு வருடத்தில் கிழவிகளோடு பகிடி விட்டார். சனம் அவரை அப்படி நேசித்தது. இரண்டாம் வருடம் போய்விட்டார். மொழியும் ஊரும் பிடிபட்ட நேரத்தில் ஒருவரை விட்டுவிட்டுத் திரும்பவும் ஆஸ்பத்திரி உதவியாளரான அற்றன்டனை வைத்து மொழிபெயர்ப்பது எத்தனை பெரிய நட்டம்!

நோர்வேயில் கிட்டத்தட்ட 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2022 இல் வெளியிட்டார்கள். ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 வருடத்துக்கு மேல் போனவர்களையும், ஒரு வருடம் மட்டும் போனவர்களையும் ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் போனவர்களிடையே அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பும் கால் பங்கு அளவுக்குக் குறைவு. நோர்வே பணக்கார நாடு, சரி. ஆனால் ஆளைத் தெரிந்து வைத்திருப்பதற்குக் காசு எதற்கு? எங்கள் பெண்கள் "நெஞ்சு பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் எரியுது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். தெரியாத டொக்டர் பனடோல் எழுதுவார். தெரிந்த டொக்டருக்கு இவளுடைய மகன் காணாமல் போனவன் என்று தெரியும். அவர் வேறு கேள்வி கேட்பார்.

நோயாளியின் பக்கத்துக்கு வருகிறேன். என் அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும். மாதக் கிளினிக் தூரத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கவேண்டும் என்பதால் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் விடிய ஐந்து மணி பஸ்ஸுக்கு நிற்பார். பஸ் வராவிட்டால் ஓட்டோ, போக வர 2,000 ரூபாய்க்கு மேல். இரத்தம் கொடுத்துச் சாப்பிட ஒன்பதரை ஆகும். போன வருடம் ஒருநாள் வரிசையிலேயே மயங்கி விழுந்தார். கச்சான் பிடுங்கும் காலத்தில் ஒரு நாள் கூலியும் போகும். இதனால்தான் பக்கத்து வீட்டு அக்கா மூன்று மாதமாகக் கிளினிக்குக்குப் போகவில்லை, மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போடுகிறா. கவனயீனம் என்று அவவை ஏசுகிறார்கள். அவ கணக்குப் பார்த்துத்தான் உடைக்கிறா.

இந்த இரத்தத்தை ஊர் ஆஸ்பத்திரியிலேயே எடுத்து லாபுக்கு அனுப்பலாம். நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்களை அங்கேயே பார்த்து, இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். நடக்க முடியாதவர்களுக்குத் தபாலில் அனுப்பலாம். கனவு என்று சொல்லாதீர்கள். 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்தைத் தபால்காரர்தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்? ஊரடங்கு முடிந்தது, அதுவும் முடிந்தது. ஏன் என்று எங்கள் குழுக் கூட்டத்தில் இரண்டு தடவை கேட்டுவிட்டேன்.

இன்னொன்று, ஆசிரியராக எனக்கு அதிகம் வலிக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்கள். அந்த ஒதுக்கீட்டில் எங்கள் பிள்ளைகளும் மருத்துவ பீடம் போகிறார்கள். போகும்போது ஊரே பொன்னாடை போர்த்துகிறது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையை ஊரோடு கட்டிவைக்க ஒரு நூல்கூட இல்லை. தாய்லாந்தில் 1990களிலிருந்து கிராமத்துப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து, அவர்களுடைய பகுதி வைத்தியசாலைகளில் பயிற்சி கொடுத்துத் திரும்ப அங்கேயே அனுப்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் 2010 இல் இதைத்தான் பரிந்துரைத்தது: கிராமத்துப் பிள்ளையை எடு, கிராமத்தில் பயிற்று, இருக்க நல்ல வீடு கொடு, மேற்படிப்புக்கு வழி விடு. யாழ் மருத்துவ பீடத்தில் சமுதாய, குடும்ப மருத்துவத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் மாணவர்கள் சில கிழமைகள் மல்லாவியிலோ முழங்காவிலிலோ நெடுங்கேணியிலோ தங்கிப் படித்தால், வன்னி அவர்களுக்குத் தண்டனை இடமாகத் தெரியாது. இங்கே மூன்று வருடம் வேலை செய்தவருக்குக் குடும்ப மருத்துவ மேற்படிப்பில் முன்னுரிமை கொடுத்தால், இடமாற்றப் பட்டியலைப் பார்க்கும் கண் கொஞ்சம் மாறும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் உறவுகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஊருக்கு இசிஜி மெஷின் வாங்கித் தருகிறோம் என்று அன்போடு கேட்கிறீர்கள். இருக்கிற மெஷினுக்கே பேப்பர் ரோல் வாங்கக் காசில்லை. இந்தமுறை மெஷின் வேண்டாம். குவாட்டஸ் கூரையை மாற்றித் தாருங்கள், நல்ல தண்ணீர் ஃபில்டர் ஒன்று பூட்டித் தாருங்கள், ஒரு மேசையும் இன்டர்நெட் இணைப்பும். புது டொக்டர் இரவில் படிக்கவேண்டும், மேற்படிப்புச் சோதனை எழுதவேண்டும் என்றார்.

அடுத்த குழுக் கூட்டம் வரும் மாதம் முதல் கிழமை. கூரைக்கான மதிப்பீட்டை எடுத்துவிட்டேன், தபால் மருந்து விஷயத்துக்குக் கடிதமும் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்பும் ஊர்க்காரர் மெசஞ்சரில் வாருங்கள். சின்னம்மாவின் கதையை நானே ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, அவருடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.