ஏற்காட்டு ஓட்டல்களுக்கு ஆள் கிடைக்கலையாம்

ஏற்காட்டில் லாட்ஜோ ரிசார்ட்டோ நடத்துகிற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான். "ஆளே கிடைக்கல சார். கிடைக்கிறவனுக்கும் வேலை தெரியல."

மலையைச் சுற்றி 67 கிராமங்கள் இருக்கின்றன. அங்கே இருக்கும் இளவட்டமெல்லாம் எங்கே? கேரளாவுக்கு மிளகு பறிக்க, குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்கு, திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்கு. இங்கே ரூம் சுத்தம் செய்ய வடக்கிலிருந்து பையன்கள் வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, பாவம், உழைக்கத்தான் வருகிறார்கள்.

ஒண்டிக்கடை பக்கம் ஓர் ஓட்டலில் காபி கேட்டேன். வந்தது இன்ஸ்டன்ட் பவுடர். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காபிச் செடி கொண்டுவந்த மலையில் இந்தக் கூத்து! "எஸ்டேட் காபி இல்லையா தம்பி?" என்றால் பையன் சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கிறான், அவர் மெனு கார்டைப் பார்க்கிறார். கூப்பிடு தூரத்துத் தோட்டத்தில், பழத்தைப் பார்த்தே எது அரபிகா எது ரொபஸ்டா என்று சொல்லிவிடும் அக்காக்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிவந்து விருந்தாளிக்குத் தோட்டம் சுற்றிக்காட்ட வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் கணக்கில் இது திறமைப் பஞ்சமே இல்லை. ஏப்ரல், மே இரண்டு மாதம் ராத்திரி பகலாக வேலை வாங்குகிறார்கள். கோடை விழா முடிந்து மழை இறங்கினதும் "அப்புறம் கூப்பிடறோம்" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஜூனில் நிறுத்தப்பட்டவன் அடுத்த ஏப்ரல் வரை என்ன காற்றையா குடிப்பான்? வேறு பிழைப்புக்குப் போய்விடுவான். முதலாளி மறுபடி புது ஆளுக்கு பெட்ஷீட் விரிப்பதிலிருந்து ஆரம்பிப்பார்.

இத்தனைக்கும் இந்த மலையின் நாட்காட்டியே தோதாக இருக்கிறது. காபி அறுவடை நவம்பர் வாக்கில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை ஓடும். அது ஓய்ந்ததும் கோடைக் கூட்டம். நடுவில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை வார நாட்களில் ரூம்கள் காலி. எஸ்டேட்காரரும் ஓட்டல்காரரும் உட்கார்ந்து பேசினால் ஒரே ஆளுக்கு வருஷம் முழுக்க சம்பளம் போடலாம். காலி ரூமும் காலி கிச்சனும்தான் பயிற்சிக் கூடம். கேட்டரிங் படிக்க இங்கத்துப் பிள்ளை திருச்சி துவாக்குடி வரைக்கும் ஏன் போகணும்? தமிழக அரசின் 'நான் முதல்வன்' மாதிரித் திறன் பயிற்சித் திட்டங்களும் அந்த மாதங்களில் மலையேறி வரட்டும்.

"கத்துக்கொடுத்தா பெங்களூருக்கு ஓடிடுவான்" என்பார்கள். ஆறு பேரை ஒரு ரூமில் அடைத்தால் ஓடத்தான் செய்வான்.

பெண்களை எடுக்காததற்கு ராத்திரி ஷிப்ட்டைக் காரணம் காட்டுகிறார்கள். எட்டு மணிக்கு வேலை முடிந்தால் நாகலூருக்கோ வெள்ளக்கடைக்கோ அந்தப் பெண் எப்படிப் போவாள்? ஓட்டல் ஜீப்பில் கொண்டுபோய் விடுங்கள். புக்கிங் ஆப்காரனுக்கு மாதாமாதம் அழும் கமிஷனை விடவா டீசல் செலவு அதிகம்?