அங்கோர்வாட்டுக்கு ஒரு நாள் போதாது

கம்போடியாவின் அங்கோர்வாட் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளில் பார்த்துவிடலாமா?" முடியாது. அங்கே முதுகில் பையோடு அலைகிறவர்களுக்கு நேரும் சங்கடங்கள் பெரும்பாலும் இந்த ஒரு நாள் கணக்கில்தான் தொடங்குகின்றன. வெயில் மயக்கம், படியில் சறுக்கல், பாதிக் கோயிலோடு திரும்புவது எல்லாமே அவசரத்தின் பிள்ளைகள்.

2017 முதல் ஒரு நாள் நுழைவுச் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். விமானத்துக்கு அவ்வளவு கொடுத்துவிட்டு இந்த 25 டாலரில் மிச்சம் பிடிப்பதைப் போல வீண் சிக்கனம் வேறில்லை. சீட்டு விற்கும் கட்டடம் கோயில் வாசலில் இல்லை, பக்கத்து ஊரான சியாம் ரீப்பின் ஓரத்தில் தனியாக இருக்கிறது. இது தெரியாமல் விடிகாலை இருட்டில் நேராகக் கோயிலுக்குச் சைக்கிள் மிதித்துப் போய், வந்த வழியே திரும்புகிறவர்கள் உண்டு. சீட்டில் உங்கள் படம் இருக்கும், கோயிலுக்குக் கோயில் சோதிப்பார்கள். தொலைத்தால் மாற்றுச் சீட்டு கிடையாது, மறுபடி முழு விலை. பையின் வெளிப்பக்க அறையில் செருகாதீர்கள்.

அடுத்தது சூரிய உதயம். ஐந்து மணிக்குக் கதவு திறந்ததும் எல்லோரும் போய் நிற்பது குளக்கரையில். அங்கோர்வாட் மேற்குப் பார்த்த கோயில். காலையில் சூரியன் அதன் முதுகுப் பக்கம் எழுகிறது, உங்களுக்குக் கிடைப்பது கருநிழல் மட்டும். கோபுரத்தின் முகத்தில் ஒளி விழுவது பிற்பகலில். உதயம் பார்த்தே தீரவேண்டும் என்றால் பாருங்கள், ஆனால் முடிந்த கையோடு கூட்டம் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பும்போது நீங்களும் திரும்பாதீர்கள். அந்த நேரத்தில் உள்ளே போனால் மண்டபங்கள் காலியாக இருக்கும். அதே சீட்டில் பார்க்கும் மற்றக் கோயில்களான பாயோன், தா புரோம், பந்தே ஸ்ரே எல்லாம் கிழக்குப் பார்த்தவை. அவற்றுக்குத்தான் காலை வேளை.

உள்ளே போனதும் நம் ஆட்கள் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. பழக்க தோஷத்தில் வலம் வரத் தொடங்கிவிடுவார்கள். முதல் சுற்று மண்டபத்தின் சுவர்ச் சிற்பங்கள் இடமாகச் சுற்றிப் பார்க்கும்படி செதுக்கப்பட்டவை. மேற்கு வாசலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பி, சுவரை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடக்கவேண்டும். முதலில் குருச்சேத்திரம், அம்புப் படுக்கையில் பீஷ்மர். மூலை திரும்பினால் தெற்கில் கோயிலைக் கட்டிய அரசன் சூரியவர்மனின் ஊர்வலம், அதைத் தாண்டி எமனின் தீர்ப்பும் சொர்க்க நரகங்களும். கிழக்கே திரும்பியதும் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையும் காட்சி: ஒரு பக்கம் 92 அசுரர், மறுபக்கம் 88 தேவர், நடுவில் திருமால். சுற்றின் கடைசியில்தான் இலங்கைப் போர். வலமாக வந்தால் இத்தனையும் பின்னிருந்து முன்னாக ஓடும். இறந்தவர் சடங்குகளில் இடமாகச் சுற்றுவதை வைத்து, இது அரசனின் ஈமக்கோயிலாகவும் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். மண்டபம் 215க்கு 187 மீட்டர், நின்று பார்த்தால் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். கால் வலித்தால் கிழக்கின் வடபகுதியையும் வடக்கின் கிழக்குப் பகுதியையும் வேகமாகக் கடக்கலாம். அவை 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிச் சேர்த்தவை, கை நயம் குறைவு என்பது பார்த்தாலே தெரியும்.

(இடையில் ஒன்று. "தமிழ் மன்னன் கட்டிய அங்கோர்வாட்" என்று வருடா வருடம் சுற்றும் பதிவைத் தயவுசெய்து பகிராதீர்கள். கட்டிய இரண்டாம் சூரியவர்மன் கம்போடியாவின் கெமர் இனத்து அரசன், 12ஆம் நூற்றாண்டு. தென்னிந்தியாவோடு தொடர்பு இருந்தது என்பது வேறு, கட்டியவனின் பெயரை மாற்றுவது வேறு.)

இப்போது பை. பெரிய பேக்பேக்கை விடுதியில் வைத்துவிட்டுப் போங்கள். ஒடுங்கிய இடைவழிகளில் நீங்கள் திரும்பும்போது பையும் திரும்பும், அதன் கொக்கியும் ஜிப்பும் உரசுவது சுவர்ச் சிற்பத்தில். மணற்கல் மென்மையானது. கைபட்டுக் கைபட்டுக் கறுத்து மினுமினுக்கும் அப்சரஸ்களை அங்கேயே பார்க்கலாம். 10 அல்லது 15 லிட்டர் சின்னப் பை போதும்: தண்ணீர், உப்புச் சர்க்கரைப் பொடி, தொப்பி, மழைக்காலமானால் பிளாஸ்டிக் உறை. பாசி பிடித்த மணற்கல் படி மழையில் சோப்பு மாதிரி வழுக்கும், அடி தேய்ந்த செருப்பு அங்கே ஆகாது.

சைக்கிள் நல்ல யோசனைதான், தரை சமம். ஆனால் கோயில்களைச் சுற்றிவரும் பாதைகளில் சின்னச் சுற்று 17 கிலோமீட்டர், பெரிய சுற்று 26 என்று வரைபடத்தில் போட்டிருப்பதில் ஊரிலிருந்து போய்வரும் தூரம் சேரவில்லை. அது இன்னும் பன்னிரண்டு, பதினான்கு கிலோமீட்டர். ஏப்ரலில் உச்சி வெயிலில் இதைச் செய்கிறவர்கள்தான் தா புரோம் மரநிழலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். பதினொரு மணிக்கு விடுதிக்குத் திரும்புங்கள், மூன்று மணிக்கு மறுபடி கிளம்புங்கள். மூன்று நாள் சீட்டு கையில் இருந்தால்தான் இந்தத் தாராளம் வரும். பந்தே ஸ்ரே 35 கிலோமீட்டருக்கும் அப்பால், அதற்குச் சைக்கிள் வேண்டாம், டுக்-டுக் பேசிக்கொள்ளுங்கள்.

அங்கோர்வாட்டின் உச்சி அடுக்குக்கு ஏற, தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். கையில்லாத பனியன் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு போனால் வரிசையில் நின்ற பிறகு திருப்பி அனுப்புவார்கள். மாதத்தில் நான்கு பௌத்த விரத நாட்களில் அந்த அடுக்கு மூடியிருக்கும், தேதியை விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். ப்னோம் பாகெங் குன்றின் மேல் மாலையில் ஒரே நேரத்தில் 300 பேருக்கு மேல் விடமாட்டார்கள். ஐந்தரைக்குப் போய் நின்றால் அடிவாரத்தில்தான் சூரியன் மறையும்.

குரங்கு வரும் இடத்தில் பையில் தின்பண்டம் கூடாது. கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவேண்டும், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. ஊரைத் தாண்டிய தொலைவுக் கோயில்களில் நடைபாதையை விட்டுப் புதருக்குள் இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட. போர்க்காலக் கண்ணிவெடிகள் அந்த நாட்டில் இன்னும் அகற்றி முடியவில்லை.

டாலர் தாள்களைக் கிளம்புமுன் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் பேனாக் கிறுக்கல் இருந்தாலும் அங்கே வாங்க மறுப்பார்கள். மீதியை அந்த நாட்டுப் பணமான ரியெலில் தருவார்கள், ஏறக்குறைய 4000 ரியெல் ஒரு டாலர். டுக்-டுக்குக்கும் இளநீருக்கும் அந்தச் சில்லறையை முதலில் தீர்த்துவிடுங்கள், எல்லை தாண்டினால் அதை மாற்றுவது பெரும்பாடு.