விதை வாங்குறப்ப நுகர்வோர், நெல்லு விக்கிறப்ப நாம யாரு?

கொஞ்சம் நீளமா போகும், டெல்டாக்காரங்க பொறுமையா படிங்க.

ரெண்டு வருஷம் முன்னாடி சம்பாவுக்கு பொன்மணி ரகம்னு வாங்கின நெல் விதை, கதிர் வந்தப்ப பார்த்தா பாதி வேற ரகம் கலந்த கலவன். கடையில கேட்டா நாத்தங்கால்ல கலந்திருக்கும்னாங்க. பில்லு கையில இருந்ததால நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடிஞ்சுது. விதை வாங்குற விவசாயியும் நுகர்வோர்தான்னு 2012லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கிற மாவட்டத்துலயே மனு போடலாம், குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமும் இல்ல. இது தெரியாம எங்க ஊர்ல பாதிப்பேரு பில்லே வாங்குறதில்ல, அதுவே பெரிய வருத்தம்.

சரி, விளைஞ்ச நெல்ல டிபிசிக்கு, அதான் அரசாங்கத்தோட நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு, கொண்டு போனா? போன மாசியில எங்க நெல்லு ஒம்போது நாள் களத்துல கிடந்துச்சு. மொதல்ல சாக்கு வரல, சாக்கு வந்தா லாரி வரல, எடுத்த மூட்டையே அடுக்கிக் கிடக்கு எங்க வைக்கிறதுன்னாங்க, அதுக்குள்ள ஒரு ராத்திரி மழை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல காட்டுது திரும்ப காயவையின்னுட்டாங்க. தார்ப்பாய் வாடகை, ஆள்கூலி, ராக்காவல் எல்லாம் நம்ம தலையில. இதுக்கு எங்க மனு போடுறது? விக்கிறவன் நுகர்வோர் சட்டத்துக்குள்ளயே வரமாட்டான்.

லாரி வர்றது டெண்டர்ல. தமிழ்நாட்டுல 1998லயே டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் போட்டாங்க, நல்ல சட்டம்தான், ஆனா அது டெண்டர் விடுறவங்களுக்கும் எடுக்குறவங்களுக்கும் உள்ளது. லாரி வராம நெல்லு முளைச்சுப்போனவனுக்கு அதுல இடமே இல்ல. மத்தியில பொதுக் கொள்முதலுக்குன்னு, அதாவது அரசாங்கம் டெண்டர் விட்டு வாங்குறதுக்குன்னு, 2012ல ஒரு மசோதா வந்துச்சு, 2014ல மக்களவை கலைஞ்சதும் அதுவும் காலாவதி.

இந்த ஓட்டையெல்லாம் சட்டம் ஆகுறதுக்கு முன்னாடியே பிடிக்க வேண்டிய இடம் நாடாளுமன்ற நிலைக்குழு, அதாவது மசோதாவ அலசிப் பார்க்குற எம்பிங்க குழு. நுகர்வோர், உணவு, பொது விநியோகம் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே குழுதான், அதுல 31 எம்பிங்க, அதாவது விதை பில்லும் நெல்லு மூட்டையும் ஒரே மேசைக்குத்தான் போகுது. 2015 நுகர்வோர் மசோதாவ அந்தக் குழு பார்த்து அடுத்த வருஷமே அறிக்கை குடுத்துச்சு. ஆனா 2019ல புதுசா கொண்டுவந்தத குழுவுக்கு அனுப்பாம ஒரே மாசத்துல ரெண்டு அவையிலயும் முடிச்சுட்டாங்க. 15வது மக்களவையில 71 சதவீத மசோதா குழுவுக்குப் போச்சு, 17வதுல வெறும் 16. இத படிச்சப்ப உண்மையிலேயே கோவம் வந்துச்சு.

பொதுக் கணக்குக் குழு இருக்கேம்பாங்க. இருக்கு, 1967ல இருந்து எதிர்க்கட்சி எம்பிதான் தலைவர், அந்த ஏற்பாட்டுல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா அது அரசாங்கம் செலவு பண்ண காசைத்தான் பாக்கும், என் ஒம்போது நாள் எந்தத் தணிக்கைக் கணக்குலயும் ஏறாது.

அந்த 31 பேரும் ஒரு தடவை மாசியில வாங்க. ஹால்ல அதிகாரிங்ககிட்ட மட்டும் கேக்காம களத்துல மூட்டை மேல உட்கார்ந்திருக்கிறவங்ககிட்ட கேளுங்க. பொதுமக்கள் கருத்து அனுப்பலாம்னு குழு பேப்பர்ல விளம்பரம் குடுக்குறப்ப நானும் எழுதத்தான் போறேன், தார்ப்பாய் வாடகைச் சீட்டெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். உங்ககிட்ட இருக்கிற டோக்கன், சீட்டு எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க.