வில்லனைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருபவர்கள்

“படத்தை மட்டும் பார்த்துவிட்டு மார்வெல் வில்லன் தானோஸ் டீஷர்ட் போட்டுத் திரிகிறார்கள், ஒரு காமிக்ஸாவது படித்திருப்பார்களா?” பழைய காமிக்ஸ் வாசகர்களிடம் இந்த அலுப்பை அடிக்கடி கேட்கிறேன். புதிதாக ஒருவர் வந்து எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டால் போதும், அறுபது வருடக் கதையை வரிசையாகப் படித்துவிட்டு வா என்று பட்டியலை நீட்டிவிடுவார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. திரையில் ஒரு வில்லனைப் பார்த்து மனதைப் பறிகொடுத்து வருபவர் சரியான வழியில்தான் வருகிறார்.

பேட்மேனின் வில்லன்களில் ஒருவரான மிஸ்டர் ஃப்ரீஸை எடுத்துக்கொள்வோம். 1959இல் பேட்மேன் 121ஆம் இதழில் அறிமுகமானபோது அவர் பெயர் மிஸ்டர் ஜீரோ. உறைய வைக்கும் துப்பாக்கியோடு வைரம் திருடும் ஆள், அவ்வளவுதான். ஃப்ரீஸ் என்ற பெயரே 1966இல் வந்த தொலைக்காட்சித் தொடர் வைத்தது. அப்புறம் 1992இல் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காக பால் டினி ஒரு எபிசோட் எழுதினார். விஞ்ஞானி விக்டர் ஃப்ரைஸின் மனைவி நோராவுக்குத் தீராத நோய். மருந்து கிடைக்கும்வரை அவளை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார். வெட்டிச் செலவு என்று கம்பெனி முதலாளி ஆட்களோடு வந்து நிறுத்தச் சொல்கிறான். தள்ளுமுள்ளில் ரசாயனம் கொட்டி, கடுங்குளிரில் மட்டுமே உயிர் தரிக்கும் உடம்பாகிவிடுகிறது அவருக்கு. கார்ட்டூனாவது ஒன்றாவது என்று உட்கார்ந்தவர்களையும் கலங்க வைத்த எபிசோட் அது. எழுத்துக்காக எம்மி விருதும் வாங்கியது. பின்னால் காமிக்ஸும் அந்தக் கதையையே எடுத்துக்கொண்டது. அப்படியிருக்க, அந்தக் கார்ட்டூனைப் பார்த்து ஃப்ரீஸுக்காக வருந்திய பையன், 1959 இதழைப் பத்திரமாக உறை போட்டு வைத்திருப்பவரைவிட எதில் குறைந்துவிட்டான்?

ஹார்லி க்வின் கதை இன்னும் வேடிக்கை. பேட்மேனின் பரம எதிரி ஜோக்கருக்கு ஒரு கையாள் வேண்டும் என்று அதே தொடரில் அதே 1992இல் நுழைந்தவள். காமிக்ஸுக்குள் வந்ததே அடுத்த வருடம்தான்.

காமிக்ஸுக்குள்ளேயே வில்லன்கள் மாறிக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். 1963இல் எக்ஸ்-மென் காமிக்ஸில் வந்த மேக்னீட்டோ உலகை ஆளப்போகிறேன் என்று முழங்கும் வழக்கமான ஆசாமி. முதல் இதழிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றால் புதியவருக்குக் கிடைப்பது இவர்தான், நாலு பக்கத்தில் கொட்டாவி வந்துவிடும். 1981இல் அதன் 150ஆம் இதழில் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட் அவரை நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து மீண்டவராகக் காட்டினார். சண்டையில் கிட்டி ப்ரைட் என்ற சிறுமியைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து, தன்னைத் துரத்தியவர்களைப் போலவே தானும் ஆகிவிட்டோமோ என்று அவர் உடைந்துபோகும் இடம், எனக்கு எக்ஸ்-மென் காமிக்ஸின் உச்சம். 2000இல் வந்த முதல் எக்ஸ்-மென் படமும் அந்த வதை முகாமில்தான் தொடங்குகிறது.

திரை எல்லாவற்றையும் மேம்படுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. 1991இல் ஜிம் ஸ்டார்லின் எழுதிய காமிக்ஸில், மரணம் என்பவள் ஒரு பெண். அவள் கண்ணில் படுவதற்காக தானோஸ் விரலைச் சொடுக்கிப் பாதிப் பிரபஞ்சத்தை அழிக்கிறான். அவெஞ்சர்ஸ் படத்தில் அழிப்பதற்கான காரணம் வளப் பற்றாக்குறை ஆகிவிட்டது. விளைவு, “தானோஸ் சொன்னதில் என்ன தப்பு?” என்று கேட்கும் ஒரு கூட்டம். தம்பி, எதையும் செய்யக்கூடிய ஆறு கல் கையில் இருக்கிறதே, வளத்தை இரண்டு மடங்காக்கக் கூடாதா? என் ஓட்டு காமிக்ஸ் தானோஸுக்குத்தான். காதல் பைத்தியம் முற்றியவன், ஆனால் அதற்குப் பொருளாதாரப் பாடம் எடுக்காதவன். ஆனாலும் படத்தைப் பார்த்திராவிட்டால் இந்தச் சண்டையைப் போட எனக்குப் பாதிப் பேர் கிடைத்திருக்க மாட்டார்கள்.

அதுசரி, நாம் மட்டும் வரிசையாகவா படித்தோம்? தமிழில் வந்த லயன் காமிக்ஸில் கூர்மண்டை ஸ்பைடரைக் கொண்டாடினோமே, அவன் 1965இல் பிரிட்டனில் பிறந்தபோது குற்றவாளிகளின் சக்கரவர்த்தி ஆகத் துடித்த வில்லன். அவனுடைய கதைகளில் பெரும்பகுதியை எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இதெல்லாம் தெரிந்தா வாங்கினோம்? பழைய புத்தகக் கடையில் கிடைத்த இதழைக் கிடைத்த வரிசையில், அட்டை இல்லாமலும் கடைசிப் பக்கம் இல்லாமலும் படித்தவர்கள்தானே நாம்.

ஆகவே அடுத்த முறை யாராவது கேட்டால் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, எந்த வில்லன் பிடித்தது என்று கேளுங்கள். ஹார்லி என்றால் பால் டினியும் ப்ரூஸ் டிம்மும் 1994இல் செய்த ‘மேட் லவ்’. மேக்னீட்டோ என்றால் கிளேர்மான்ட் 1982இல் எழுதிய ‘காட் லவ்ஸ், மேன் கில்ஸ்’. இரண்டுமே தனிக் கதைகள், முன்கதை தெரியாமலே படிக்கலாம். ஜோக்கர் என்றதும் எல்லோரும் ‘தி கில்லிங் ஜோக்’கைத்தான் தூக்கிக் கொடுக்கிறார்கள். பிரையன் போலண்டின் ஓவியம் அற்புதம்தான். ஆனால் அதில் பேட்கேர்ளான பார்பரா கார்டனுக்கு நடக்கும் கொடுமை புதிதாக வரும் ஒருவருக்கு முதல் புத்தகத்திலேயே தேவையில்லை. எழுதிய ஆலன் மூருக்கே பிற்பாடு அந்தக் கதை பிடிக்காமல் போய்விட்டது. இரண்டு மூன்று புத்தகம் தாண்டட்டும், அப்புறம் கொடுங்கள்.