சீலிங்கை வெள்ளையா விட்டுட்டு புரொஜெக்டரைக் குறை சொல்லாதீங்க

கீழக்கரையில ஒரு வீட்டுல புரொஜெக்டர் வச்ச தியேட்டர் ரூம் போட்டோ இங்க வந்துச்சே, கறுப்பு வெளுத்துத் தெரியுதுன்னு புரொஜெக்டரைக் குறை சொன்னீங்களே, அந்த விஷயத்துக்கே திரும்ப வர்றேன். "சீலிங்கை அடர் நிறமா மாத்துங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் எழுதினேன். "சாவு வீடு மாதிரி ஆக்கச் சொல்றீங்களா?"ன்னு காக்கா (அண்ணன்) ஒருத்தர் கேட்டாரு, மத்தவங்களும் சேர்ந்துக்கிட்டீங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

புரொஜெக்டரால கறுப்பை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் படத்துல கறுப்பு. ஸ்கிரீன்ல பட்ட வெளிச்சம் மேல போகுது, வெள்ளை சீலிங் அதுல 80 சதவீதத்துக்கு மேல திருப்பி அனுப்புது. அது ஸ்கிரீன்லயே வந்து விழுந்தா கறுப்பு சாம்பலாகாம என்ன செய்யும்? படத்துல பகல் வெளிச்சக் காட்சி ஓடுறப்ப அதுக்கு மேலயும் கீழயும் இருக்கிற கறுப்புப் பட்டையைப் பாருங்க, வெளுத்துக் கிடக்கும். எவ்வளவு விலைக்கு புரொஜெக்டர் வாங்கினாலும் இதுதான்.

முதல்ல சீலிங், அப்புறம் ஸ்கிரீன் சுவர், அதுக்கப்புறம் பக்கச் சுவர்ல முன்னால 6 அடி. அடர் சாம்பல் போதும். மெரூன் அடிச்சா நடிகர் முகத்துல செவப்பு ஏறும். மேட் (பளபளப்பே இல்லாத) பெயிண்ட் மட்டும்தான், ஷீன் (லேசா மினுங்குறது) வேண்டாம். பளபளப்புள்ள கறுப்புல ஸ்கிரீனோட பிம்பம் கண்ணாடியில தெரியுற மாதிரி தெரியும். கை உரசின தடம் மேட்ல தெரியும்ங்கிறது உண்மை. சீலிங்கை யார் உரசப்போறா?

"சூடு ஏறும்"னு சொல்றவங்களுக்கு: சூடு மேல் தளத்துலேர்ந்து இறங்குது. உள்பக்க நிறத்தால பெரிய வித்தியாசம் வராது. வெள்ளை அடிக்க வேண்டிய இடம் மொட்டைமாடி.

நியாயமான கேள்வி ஒண்ணுதான் வந்துச்சு, பூச்சுல உப்பு பூத்தா என்ன செய்யுறதுன்னு. நம்ம கரையோரத்துல போர் தண்ணியே கரிக்குது, அதுல கலந்த பூச்சு பூக்கத்தான் செய்யும். அடர் நிறத்துல அது திட்டுத்திட்டாத் தெரியும். ஆனா அந்த உப்பைப் பெயிண்டா கொண்டுவந்துச்சு? வெள்ளை அதை மறைச்சுது, அவ்வளவுதான். 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டுங்க. ஒரு நாள் கழிச்சு உள்பக்கம் நீர் முத்து கட்டியிருந்தா அடிக்காதீங்க. பூத்த உப்பைக் கம்பி பிரஷ்ஷால காய்ஞ்சபடியே தேய்ச்சு எடுங்க; தண்ணி ஊத்திக் கழுவினா கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும். சிமென்ட் காரத்தைத் தாங்குற பிரைமர் (பெயிண்டுக்கு முன்னால அடிக்கிற அடிப்பூச்சு) கேட்டு வாங்குங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில வேண்டவே வேண்டாம். பங்குனிக்கு மேல பட்டி பாருங்க.

16க்கு 12 சீலிங்னா 192 சதுர அடி. ரெண்டு கோட்டுக்கு 2 லிட்டர் ஆகும், ஆனா அடர் நிறம் மூணாவது கோட் கேட்கும். அதனால 3 லிட்டரை ஒரே தடவையில கலக்கி வாங்குங்க. அப்புறம் தனியா வாங்கினா நிறம் ஒத்துப்போகாமப் போகலாம். பிரைமர்லயே கொஞ்சம் சாம்பல் நிறம் கலந்துட்டா வெள்ளை எட்டிப் பார்க்காது.

இன்னும் நம்பிக்கை வரலைன்னா பெயிண்டே வாங்க வேண்டாம். 8 மீட்டர் கறுப்புத் துணியை ரெண்டா வெட்டி, ஸ்கிரீனை ஒட்டி 7 அடிக்கு சீலிங்கை மூடுங்க. அதே காட்சியைத் திரும்ப ஓட்டிப் பாருங்க. அதுக்கப்புறமும் சாவு வீடுன்னு சொன்னா கேட்டுக்கிறேன்.